அடிக்கல்லுக்கு முந்தைய பக்கங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நூற்றாண்டு, நூற்றைம்பதாம் ஆண்டு, இருநூறாம் ஆண்டு என்று சபை மலர் தயாரித்துக்கொண்டிருக்கும் குழுவினர் அனைவருக்கும்,



ஊர்ப்பக்கம் வந்தால் யார் வீட்டிலாவது ஒரு சபை மலர் கையில் கிடைத்துவிடுகிறது. வழவழப்பான அட்டை, அதில் கோபுரம், கோபுரத்துக்கு மேலே கணினியில் ஒட்டிய நீல வானம். கிடைத்ததை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிற பழக்கம் எனக்கு, நகைக்கடை விளம்பரம் உட்பட. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான மலர்களுக்கு ஒரே அமைப்புதான். பேராயர் வாழ்த்து, சேகரத் தலைவர் வாழ்த்து, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்து, வெளிநாட்டில் இருக்கும் மண்ணின் மைந்தர்கள் வாழ்த்து. அதற்கப்புறம் இரும்புக்கடை, பாத்திரக்கடை, கல்யாண மண்டபம். நடுவில் எங்கோ மூன்று பக்கத்துக்குச் 'சபை வரலாறு'. அதில் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார், அடிக்கல் நாட்டுகிறார், ஆலயம் பிரதிஷ்டையாகிறது. பிறகு சபைக் குருமாரான ஐயர்மார் பட்டியல்: வந்த ஆண்டு, மாறிப்போன ஆண்டு. சபை மக்கள் எங்கே என்று தேடினால் கடைசி வரியில், 'மற்றும் சபையார்' என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடிக்கல் நாட்டிய நாளுக்கு முன்னால் உங்கள் ஊரில் என்ன நடந்தது, யாரால் நடந்தது என்பதை எழுதுங்கள். அதைச் சொல்லாத மலர் கட்டடத்தின் வரலாறாக மட்டும் நின்றுவிடுகிறது.

நம் எல்லோருக்கும் தாய்ச்சபையான பாளையங்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். அங்கே கோயில் எழும்பியது 1785இல். சபையின் முதல் பெயர்ப் பட்டியலோ 1780ஆம் ஆண்டுக்குரியது. நாற்பது பேர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஐந்தாண்டுக்கு அந்தச் சபைக்கு என்று ஒரு கோயில் கிடையாது, நிலையான ஐயர் கிடையாது. ஆனால் சபை இருந்தது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது: குளோரிந்தா.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவருக்கு ஆதரவு கொடுத்தார், கிறிஸ்தவ போதனையும் அவரிடமிருந்தே கிடைத்தது. தஞ்சாவூரில் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரியோடு மணமில்லாமல் ஒரே வீட்டில் வாழ்வது ஐயருக்கு உடன்பாடில்லை. அதிகாரி பாளையங்கோட்டைக்கு வந்தார், கூடவே குளோரிந்தாவும் வந்தார். அதிகாரி இறந்தபின் அவர் இங்கேயே தங்கினார். 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டை வந்தபோதுதான் ஞானஸ்நானம் கிடைத்தது. ஒரு முறை மறுக்கப்பட்ட பெண், சொந்தபந்தம் என்று யாரும் இல்லாத ஊரில், கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சபையைத் திரட்டுகிறார். கோயிலைக் கட்ட முன்னின்றவரும் அவரே. கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் சிலரின் உதவியும் சேர்ந்தது. 1785இல் சுவார்ட்ஸ் மறுபடி வந்து பிரதிஷ்டை செய்தார். ஊர் ஜனங்கள் அதற்குச் சுவார்ட்ஸ் கோயில் என்று பெயர் வைக்கவில்லை. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். அவர் வெட்டிய கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு ஆயிற்று. யார் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எழுத்தாளர் அ. மாதவையாவுக்கும் தெரிந்திருந்தது, 1915இல் குளோரிந்தாவின் பேரிலேயே ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். நம் மலர்களுக்குத்தான் இன்னும் முழுதாகத் தெரியவில்லை. குளோரிந்தாவுக்கு ஒரு பத்தி கொடுத்துவிட்டு, சுவார்ட்ஸுக்கு ஒரு பக்கமும் படமும் கொடுக்கிறோம். சுவார்ட்ஸ் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் பாளையங்கோட்டைக்கு அவர் வந்துபோனவர். அங்கே இருந்தவர் குளோரிந்தா.

அங்கேயே தங்கி ஊழியம் செய்ய வந்தவர் தமிழரான சத்தியநாதன். உபதேசியாராக வந்து, 1790 டிசம்பர் 26ஆம் தேதி தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். அந்த நாளில் அவர் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது. ஒரு தமிழ் ஐயரின் பிரசங்கத்தை அங்குள்ளவர்கள் அச்சிட்டு வாசித்த காலம் அது. நாமோ நம் உபதேசியார்களின் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை.

முதலூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரைத் தோற்றுவித்தவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் பகுதிப் பையன், பழைய பெயர் சின்னமுத்து. தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவனாகித் திரும்பி வந்து தன் உறவுக்காரர்களிடமிருந்தே ஆரம்பித்தார். 1797இல் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே தொல்லையும் வந்தது. ஜெபவீடு அழிக்கப்பட்டது, குடும்பங்கள் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. 1799இல், ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவர் கொடுத்த பண உதவியால் நிலம் வாங்கி, தேரிமண்ணில் ஒரு புது ஊரை உண்டாக்கினார்கள். அதுதான் முதலூர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட அதே ஆண்டு. பாளையக்காரர் போரில் நாடே கலங்கிக் கிடந்தபோது சில குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து பனங்காட்டில் குடிசை போட்டிருக்கிறார்கள். அந்த முதல் குடும்பங்கள் எவை, எந்தெந்த ஊரிலிருந்து வந்தன, எந்தத் தெருவில் குடியேறின என்பது ஊருக்குள் வாய்வழியாக இன்றும் கொஞ்சம் கிடைக்கும். கேட்டு எழுதுங்கள்.

தாவீது சாதுவான மனிதர் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சபையாரைத் தாக்க வருகிறவர்களை எதிர்க்கத் தடிக்கம்புக்காரர் கூட்டம் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். பின்னால் வந்த மிஷனெரிகளுக்கு இது பிடிக்கவில்லை. மலர் எழுதுகிறவர்களும் நாசூக்காக இதை விட்டுவிடுகிறார்கள். ஏன் விட வேண்டும்? கோயிலைக் கொளுத்துகிற ஊரில் ஒரு வாலிபன் என்ன செய்வான்? சரியா தவறா என்று வாசிக்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். இள வயதிலேயே அவர் மறைந்தார். நஞ்சு வைத்தார்கள் என்று ஊர் நம்புகிறது.

இதன் பிறகு வருகிற பத்தாண்டுதான் நம் மலர்களில் வெற்றிடம். 1802இல் கெரிக்கே ஐயர் வந்து ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபின் சில ஆண்டுகளில் ஐரோப்பிய மிஷனெரிகளின் கவனிப்பு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1816இல் ஜேம்ஸ் ஹஃப் என்ற படைப்பிரிவு குரு பாளையங்கோட்டைக்கு வந்து சுற்றிப் பார்த்தபோது, சபைகள் உயிரோடு இருப்பதைக் கண்டார். அவர் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். அவர் வருமுன் அவற்றைக் காத்தவர்கள் யார்? நாட்டுக் குருமார் ஓரிருவர், உபதேசியார்கள், சம்பளம் ஒழுங்காக வராத பள்ளிக்கூட வாத்தியார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓலைக்கூரை ஜெபவீட்டில் பாயை விரித்து, வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். திருவிருந்து கொடுக்க ஐயர் வரப் பல மாதம் ஆகியிருக்கும். செத்தவர்களை அடக்கம்பண்ணியவரும் உபதேசியார்தான், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்தவரும் அவர்தான். இந்தப் பத்து ஆண்டு இல்லாவிட்டால் அதற்கப்புறம் வந்த மிஷனெரிகளான ரேனியஸுக்கும் கால்டுவெல்லுக்கும் மெய்ஞ்ஞானபுரம் தாமஸுக்கும் இங்கே வந்து சேர இடமே இருந்திருக்காது. ஆனால் எந்த மலரிலும் 'ஐயர் இல்லாத காலம்' என்று ஒரு தலைப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்தது பணம். ஆலயம் கட்டிய செலவு என்று ஒரு தொகையைப் போடுகிறீர்கள். அது யார் மடியிலிருந்து வந்தது என்று சொல்வதில்லை. சீமையிலிருந்து வந்த பணம் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலை வைக்கிறபோதெல்லாம் அரிசியைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரையில் தனியாக ஒரு ஓலைக்கொட்டானில் போடுவார்கள். வாரக் கடைசியில் யாராவது வந்து வாங்கிப் போவார்கள், அல்லது கோயிலுக்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்களா என்பது வேறு கதை. கருப்பட்டி காய்ச்சுகிற வீடுகளில் கருப்பட்டியும் இப்படியே போயிற்று. இது பெண்கள் போட்ட பணம். கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டதோ குடும்பத் தலைவர் பெயர்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தையும் எழுதுங்கள். கொல்லையில் காய்த்த முதல் பூசணிக்காய், கால் கட்டிய சேவல், ஒரு சீப்புப் பழம். சந்தையில் பத்து ரூபாய்க்குப் போகாத எலுமிச்சம்பழம் இரண்டு மச்சான்மார் போட்டியில் ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் உடனே திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். கூட்டத்தில் ஒருவர் வாய்க்கு வந்தபடி விலையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரி முறைப்பதைப் பார்த்துத் தலையைக் குனிவார். எத்தனை கூரைக்கு ஓடு வேய்ந்தது இந்த ஏலம்! அசனப் பண்டிகைக்கு அடுப்பு வெட்டுகிறவர்கள், இரவெல்லாம் வெங்காயம் உரிக்கிறவர்கள், பந்தியில் வாளி தூக்குகிறவர்கள், இவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுக்கலாம்.

இடையன்குடி ஆலயத்துக்கு 1847இல் அஸ்திவாரம் போட்டார்கள், 1880இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. முப்பத்துமூன்று ஆண்டு! அதைக் கால்டுவெல்லின் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம், சொல்லட்டும். அஸ்திவாரம் தோண்டியபோது வேடிக்கை பார்த்த சின்னப்பையன் பிரதிஷ்டை நாளில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். நடுவில் 1876-78 பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாத அந்த ஆண்டுகளில் சுவரில் கல் எடுத்து வைத்தவர்கள் யார்? கொத்தனார்கள் பெயர் எங்கேயாவது கிடைக்குமா? மெய்ஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதும் எனக்கு அந்தக் கேள்விதான் வரும். அதன் உச்சியில் கடைசிக் கல்லை வைத்தவர் கீழே இறங்கி வந்து என்ன சொல்லியிருப்பார்?

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்கள் ஆனதும் பல குடும்பங்களை நிலக்காரர்கள் வெளியேற்றினார்கள். ரேனியஸ் காலத்தில், 1830இல், சபையாரின் காணிக்கையால் தரும சங்கம் தொடங்கி, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி ஊர்கள் உண்டாக்கினார்கள். நம் பக்கத்தில் சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், நாசரேத், எருசலேம் என்று பைபிளைத் திறந்துவைத்த மாதிரி ஊர்ப்பெயர்கள் இருப்பதற்கு இந்த மாதிரியான குடியேற்றங்கள் காரணம். உங்கள் ஊரின் பழைய பெயர் என்ன, நிலம் யாரிடமிருந்து வாங்கப்பட்டது, பத்திரம் யார் பெயரில் இருந்தது என்று தேடுங்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டால் கிடைக்கக் கூடியதெல்லாம் உண்டு. தாமதமாகும், அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

இனி சண்டைகள். இதைச் சொன்னாலே குழுவில் ஒருவர் 'அது வேண்டாம் சார், மனசு புண்படும்' என்பார். அவரை நான் அறிவேன். எல்லா ஊர்க் குழுவிலும் அவர் இருக்கிறார். ஆனால் சண்டை இல்லாமல் வளர்ந்த சபை நம் பக்கத்தில் எது? ரேனியஸ் 1835இல் தன்னை அனுப்பிய மிஷனெரி சங்கத்தோடு முரண்பட்டு விலக்கப்பட்டார். ஆற்காட்டுக்குப் போனவரை உபதேசியார்களே எழுதித் திரும்ப அழைத்தார்கள். அதன் பின் 1838இல் அவர் இறக்கும்வரை திருநெல்வேலிச் சபை இரண்டு கட்சி. நம் உபதேசியார்கள் தங்களுக்கு வேண்டிய ஐயரைத் தாங்களே தேர்ந்துகொண்ட சம்பவம் இது. எனக்கு இதில் வெட்கப்பட எதுவும் தெரியவில்லை.

நாசரேத்துப் பக்கம் இன்னொன்று. சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனில் படித்து, மிஷனிலேயே வேலை பார்த்தவர். அங்கிருந்த மிஷனெரியோடு மோதினார். அந்தச் சமயத்தில்தான் கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் சபையாரின் மனதைப் புண்படுத்தியது. 1857இல் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை தனிச்சபையே கண்டார்: வெள்ளைக்காரர் உதவி இல்லை, சனிக்கிழமை ஓய்வுநாள், வழிபாட்டில் சாம்பிராணி. கால்டுவெல்லின் புத்தகம் பின்னால் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. கால்டுவெல்லின் திராவிட மொழி ஆராய்ச்சியைப் புகழ்கிற நாம், அவருக்கு எதிராக எழுந்த கிராமத்துக்காரர்களின் படிப்பையும் சுயமரியாதையையும் அதே மலரில் எழுதலாமே. இரண்டும் ஒரே பள்ளிக்கூடத் திண்ணையில் விளைந்தவை.

சாதியைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது. 1833இல் பேராயர் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபைகளே உடைந்தன. திருநெல்வேலியில் ஒரு சாதியார் கூட்டமாக வந்து சேர்ந்ததால் பிரச்சினை வேறு உருவில் இருந்தது: ஒரே கோயில், ஆனால் பக்கத்துக் குடியிருப்புக்காரர்களுக்கு அங்கே இடம் உண்டா? அவர்களுக்குத் தனி ஜெபவீடு எப்போது, ஏன் கட்டப்பட்டது? கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிற ஊர்கள் இன்றும் உண்டு. மலரில் எழுதக் கூச்சமாக இருந்தால், அந்தக் குடியிருப்பு சபையாரில் ஒருவரை மலர்க் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிவிடுவார்.

வளர்ச்சி என்று சொன்னதும் நம் மலர்கள் புதிய மண்டபத்தையும் ஏசியையும் படம் எடுக்கின்றன. 1903இல் நடந்ததைப் பாருங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியாவும் கூட இருந்தவர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அவர்களுடைய கொள்கை. மறு ஆண்டே ஒரு மிஷனெரி தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் போய்ச் சேர்ந்தார். பிடியரிசி போட்ட கிராமத்துச் சபை பாஷை தெரியாத ஊருக்கு ஆள் அனுப்பியது. உங்கள் சபையிலிருந்து அப்படி யார் போனார்கள், திரும்பி வந்தார்களா, அவருடைய பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? கோபுர மின்விளக்குக்குக் கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கிற ஊர்களில் இவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். முதலில் உங்கள் கோயில் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்று ஒரு பத்தி இருக்கும். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வாருங்கள். பனைத்தொழில், பனைத்தொழில், பனைத்தொழில் என்று வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரு வாத்தியார் வருவார். பிறகு கொழும்பில் கடை, கொஞ்சம் தள்ளி ரயில்வே, அப்புறம் நர்ஸ், அப்புறம் சவுதி. சபை வளர்ந்த விதம் அந்த ஒரே பத்தியில் இருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் ஒரே மாதத்தில் வரிசையாகக் குழந்தைகள் பெயர் வந்தால், அந்த ஆண்டு காலரா வந்ததா என்று பெரியவர்களைக் கேளுங்கள். சபைக் கூட்டக் குறிப்பேட்டில் யார் யாரோடு ஏன் பேசவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதில் எதை அச்சிடுவது என்பதை உங்கள் விவேகத்துக்கு விட்டுவிடுகிறேன். கரையானுக்குப் போனது போக மிச்சம் இருப்பதைக் கைபேசியிலாவது படம் எடுத்து வையுங்கள். தொண்ணூறு வயதுப் பாட்டிமார், மணி அடிக்கிற கோயில்குட்டியார், ஓய்வுபெற்ற சபை ஊழியர் எல்லோரையும் இந்த மாதமே உட்காரவைத்துக் கேளுங்கள். இவர்களைக் கேட்க நல்ல நேரம் பின்மதியம். காலையில் போனால் ஜெபத்தோடு முடித்துவிடுவார்கள்.

பக்கம் போதாது, அச்சுக்கூலி ஏறிவிட்டது என்று பொருளாளர் சொல்வார். அப்போது வாழ்த்துரைகளைக் குறையுங்கள். பேராயர் கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டமன்ற உறுப்பினர் எப்படியும் வாசிக்கப்போவதில்லை. இரும்புக்கடை விளம்பரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அவர்தான் முன்பணம் கொடுத்தவர்.

இப்படிக்கு,
உங்கள் மலர்களை விடாமல் வாசிக்கும் ஒரு சபை உறுப்பினன்